அயல்நாட்டை அறியும் கல்வி



ஒரு நாடு மற்றொரு நாட்டிடமிருந்து எவற்றையெல்லாம் பெறலாம்? பணத்தைக் கடனாகப் பெறலாம். இயந்திரங்களை விலைக்கு வாங்கலாம். நிபுணர்களைச் சில ஆண்டுகளுக்கு வரவழைத்துக் கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் ஓர் உடன்படிக்கை போதும். கையெழுத்தான பின் கப்பல் புறப்பட்டுவிடும். ஆனால் அந்த நாட்டைப் பற்றிய அறிவை அவ்வாறு கப்பலில் ஏற்றி வரவழைக்க இயலாது. அதனை நம் மண்ணில், நம் பிள்ளைகளின் உள்ளத்தில், ஆண்டுக்கணக்கில் பயிரிட்டு வளர்க்க வேண்டும். அந்தப் பயிருக்கு உரிய நிலம் பல்கலைக்கழகம். அயல்நாடு ஒன்றனை முறையாக ஆராய்வதற்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு துறையை ஏன் அமைக்க வேண்டும், எவ்வாறு அமைக்க வேண்டும், அதனால் நாடுகளின் உறவு எந்த அளவுக்குச் சீர்ப்படும் என்பன பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் முத்தாண்டிக்குப்பத்தில் வாழ்பவன். முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் மிகுந்த பகுதி அது. அதன் அருகே உள்ள நெய்வேலியை நீங்கள் எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பரில் பழுப்பு நிலக்கரிக் கழகம் தோன்றியது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அந்தப் பணிக்குப் பல நாடுகளின் துணை வேண்டியிருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் நிறுவனம் திட்டத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தது. வாளிகள் கோத்த பெருஞ்சக்கரங்களால் மண்ணை அகழும் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல் மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் துணையோடு எழுந்தது. 1962-இல் அதன் முதல் அலகு மின்சாரம் தந்தது. 1970-இல் கடைசி அலகும் இயங்க, அதன் திறன் 600 மெகாவாட் ஆயிற்று.

அந்நாட்களில் ரஷ்ய நிபுணர்கள் நெய்வேலி நகரியத்தில் குடியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அவர்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலைத்தளத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவே நின்றால் பேச்சு நடக்கும். அவர் நகர்ந்துவிட்டால் கையும் தலையும்தான் பேசும். கொதிகலனைப் பற்றிய பேச்சு எப்படியோ நடந்துவிட்டது. இயந்திரத்தைச் சுட்டிக் காட்ட விரல் போதுமல்லவா? ஆனால் வந்தவர் எத்தகைய நாட்டிலிருந்து வந்தார், எதை எண்ணி மகிழ்ந்தார், போர்க்காலத்தில் எதை இழந்தார் என்பவற்றைச் சுட்டிக் காட்ட விரல் போதாது. அதற்கு மொழி வேண்டும். மொழியின் பின்னே வரலாறு வேண்டும்.

இங்கே நீங்கள் கருதிப் பார்க்க வேண்டிய ஒரு செய்தியைச் சொல்கிறேன். நெய்வேலியில் மின் நிலையம் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1960-ஆம் ஆண்டில், மாஸ்கோவில் ஒரு தமிழ்-ரஷ்ய அகராதி வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர்கள் பியாதிகோர்ஸ்கி, ருதின் என்னும் இரண்டு ரஷ்ய அறிஞர்கள். 1965-இல் ரஷ்ய-தமிழ் அகராதியும் வெளிவந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான அந்திரோனோவ் தமிழுக்கு ஓர் இலக்கணமே எழுதினார். அந்த இலக்கண நூல் 1969-இல் சென்னையிலேயே அச்சாயிற்று. தமிழிலிருந்து ரஷ்யத்திற்குச் செல்லும் அகராதியும் அங்கேதான் பிறந்தது. ரஷ்யத்திலிருந்து தமிழுக்கு வரும் அகராதியும் அங்கேதான் பிறந்தது. ஆற்றின் இரு கரைக்கும் பாலம் போட்டவர்கள் அக்கரையில் இருந்தவர்களே. இதனைக் கேட்டு அவர்களைப் பாராட்டுவது எளிது. பாராட்டிய பின், இக்கரையில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்டுக் கொள்வதும் கடமையன்றோ?

செம்யோன் ருதின் லெனின்கிராடு பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். அவரிடம் தமிழ் பயின்ற மாணவருள் ஒருவர் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி. 1941-இல் பிறந்த அவர், பிற்காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியரானார். சங்க அகப்பாடல்களின் அடிப்படையை ஆராய்ந்து நூல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து தங்கிப் பயின்றார். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டிலும் கலந்துகொண்டார். 2020 நவம்பரில் அவர் காலமானார். நெய்வேலியில் சோவியத் துணையோடு கட்டப்பட்ட அந்த மின் நிலையமும் அதே 2020-ஆம் ஆண்டில்தான் தன் பணியை முடித்துக்கொண்டது. இயந்திரம் தன் காலம் முடிந்ததும் நின்றுவிடுகிறது. அதன் இடத்தில் புதிய இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துவிடலாம். ஆசிரியரின் அறிவோ மாணவர் வழியே தொடர வேண்டும். தொடர்வதற்கு ஒரு துறை நிலையாக இருக்க வேண்டும்.

மாணவர்களே, இத்தகைய துறை எப்படிப்பட்டது என்பதை விளக்க வேண்டும். வரலாற்றுத் துறையில் எல்லா நாட்டு வரலாறும் சிறிது சிறிதாகக் கற்பிக்கப்படுகிறது. பொருளாதாரத் துறையில் எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிகள் கற்பிக்கப்படுகின்றன. அயல்நாட்டு ஆய்வுத் துறையின் முறை வேறு. அது ஒரு நாட்டை, அல்லது ஒத்த தன்மையுடைய சில நாடுகளை எடுத்துக்கொள்கிறது. அந்நாட்டின் மொழி, நிலம், வரலாறு, சமயம், இலக்கியம், சட்டம், வேளாண்மை, அரசியல் ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவருகிறது. மொழியறிந்தவரும் பொருளாதாரம் அறிந்தவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒரு நாட்டில் அரிசி விலை ஏன் ஏறியது என்று ஒருவர் கேட்டால், விளைச்சல் கணக்கை ஒருவர் சொல்வார். நிலவுடைமையின் பழைய வரலாற்றை மற்றொருவர் சொல்வார். அந்நாட்டு உழவர் அதைப் பற்றி என்ன பாடுகிறார் என்பதை இன்னொருவர் சொல்வார். மூன்றும் சேர்ந்தால்தான் விடை முழுமையாகும்.

இந்த முறை உலகில் எவ்வாறு வளர்ந்தது? இதன் வரலாறு முழுவதும் பெருமைக்குரியது என்று சொல்ல இயலாது. ஆள்வதற்காக அறிந்தார்கள், அஞ்சியதால் அறிந்தார்கள், பிறகே நட்புக்காக அறியத் தொடங்கினார்கள்.

ஆள்வதற்காக அறிந்ததற்கு நம் சென்னையே சான்று. 1812-இல் இங்கே புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகள் தென்னாட்டு மொழிகளைக் கற்றுக்கொண்டு வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும் அங்கே இருந்த எல்லிஸ் என்னும் அதிகாரி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தினின்று பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று 1816-இல் எழுதினார். ஆளும் பொருட்டுத் தொடங்கிய படிப்பு, ஆளப்பட்டவர் தம்மைத் தாமே அறிந்துகொள்ள உதவும் உண்மையில் போய் முடிந்தது. ஊன்றிப் படிக்கும் படிப்புக்கு இப்படியொரு குணம் உண்டு. தொடங்கி வைத்தவனின் நோக்கத்தையும் தாண்டி அது நடக்கும்.

அஞ்சியதால் அறிந்ததற்கும் சான்றுகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில், பகைவரின் மொழி அறிந்தவர் தம்மிடம் எத்துணைக் குறைவு என்பதைப் பிரிட்டன் உணர்ந்தது. ஆசிய, ஆப்பிரிக்க, ஸ்லாவிய நாடுகளைப் பற்றிய படிப்பைப் பல்கலைக்கழகங்களில் பெருக்க வேண்டும் என்னும் ஸ்கார்பரோ குழுவின் அறிக்கை 1947-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 1948-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நார்மன் பிரவுன் என்னும் பேராசிரியர் தெற்காசிய ஆய்வுக்கென ஒரு துறையைத் தொடங்கினார். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் ஏவிற்று, அமெரிக்கா திடுக்கிட்டது. மறு ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் ஒன்று அங்கே இயற்றப்பட்டது. அயல்மொழிகளையும் அயல்நாடுகளையும் கற்பிக்கும் மையங்களுக்கு அச்சட்டத்தின்கீழ் பொருளுதவி கிடைத்தது. சட்டத்தின் பெயரிலேயே பாதுகாப்பு என்னும் சொல் இருப்பதைக் கவனியுங்கள். அச்சம் பணத்தைக் கொடுத்தது. ஆனால் அந்தச் சூழலில் வளர்ந்தவை எவை? மைசூரில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமர்ந்து குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கினார். அந்நூல் 1967-இல் வெளிவந்தது. நாம் அமெரிக்கக் கோதுமைக்குக் கொடுத்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களில் சேர்த்தார்கள். இன்று தமிழ்நாட்டில் கிடைக்காத சில தமிழ் நூல்களைக் கடல் கடந்த நூலகங்களில் தேடுகின்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் இம்முயற்சி எவ்வாறு இருந்தது? 1937-இலேயே ரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனில் சீன பவனத்தைத் திறந்தார். தான் யுன்-ஷான் என்னும் சீன அறிஞர் அதனைப் பேணி வளர்த்தார். அங்கே அச்சமும் இல்லை, ஆளும் ஆசையும் இல்லை. நட்புக்காக அறியும் முயற்சி அது. நாடு விடுதலை பெற்ற பின், 1955-இல் தில்லியில் இந்திய சர்வதேசக் கல்வி நிலையம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை. தென்னிந்தியப் பொருளாதார வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1936-இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. நம் ஊர்களின் பழங்கால வாணிகத்தைக் கற்றவர் உலக நாடுகளின் உறவைக் கற்பிக்கச் சென்றார் என்பது எண்ணத்தக்கது. அதே 1955-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை தோன்றியது. 1965-இல் ரஷ்ய ஆய்வு நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனமும் சர்வதேசக் கல்வி நிலையமும் பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தன.

நெய்வேலியில் ரஷ்ய நிபுணர்கள் வந்து இறங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்பே ரஷ்ய ஆய்வுக்கென ஒரு நிறுவனம் தோன்றியது என்பதை இந்த ஆண்டுக் கணக்கு காட்டுகிறது. இதனினும் வருந்தத்தக்க கணக்கு மற்றொன்று உண்டு. 1962-இல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லைப் போர் மூண்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வுக்கு ஒரு துறை அமைந்தது 1964-இல். போர் முடிந்த பிறகு பகைவரைப் படிக்கத் தொடங்கினோம். தீப்பிடித்த பின் கிணறு வெட்டுவது என்று நம் நாட்டில் ஒரு பேச்சு உண்டு. அது இதற்குப் பொருந்தும். வானொலி கேட்கும் உங்களுக்கு இன்னொரு செய்தி: போருக்கு அடுத்த ஆண்டான 1963-இல் சீன வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. சீனர் தமிழ் கற்று நம்மோடு நம் மொழியில் பேசினார்கள். அவர்கள் சொன்னதை ஏற்பதும் மறுப்பதும் வேறு. அவர்களுக்கு அவர்கள் மொழியில் விடை சொல்லத் தக்க தமிழர் எத்தனை பேரை நாம் உருவாக்கினோம்?

நேயர்களே, ஓர் ஐயம் உங்களுக்குத் தோன்றலாம். ‘சாந்திநிகேதனில் 1937 முதல் சீனப் படிப்பு இருந்ததே, இருந்தும் 1962-இல் போர் வந்ததே, பிறகு இந்தப் படிப்பால் பயன் என்ன?’ என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி இது. ஒரு பல்கலைக்கழகத் துறை போரைத் தடுத்து நிறுத்தும் என்று நான் சொல்ல மாட்டேன். போரும் அமைதியும் அரசுகளின் கையில் உள்ளன. அறிஞர் அவற்றுக்குப் பொறுப்பாளர் அல்லர். அறிஞரால் செய்யக் கூடியது வேறு. அயல்நாடு என்பது ஒரே குரலில் பேசும் ஒரு பேருருவம் என்னும் மயக்கத்தை அவர் போக்குகிறார். அங்கேயும் கட்சிகள் உண்டு, வழக்குகள் உண்டு, வயல்கள் உண்டு, தம் அரசோடு முரண்படும் மக்கள் உண்டு என்று காட்டுகிறார். வதந்தி பரவும்போது மூல நூலைப் படித்து உண்மையைச் சொல்கிறார். பகை தணிந்து பேச்சு தொடங்கும் நாளில் இருபுறமும் பேசத் தெரிந்தவர் சிலரேனும் இருக்கும்படி செய்கிறார். மழையைத் தடுக்க முடியாதுதான். அதற்காகக் கூரை வேய்வதை எவரும் விட்டுவிடுவதில்லை.

நட்பை இத்தகைய கல்வி எவ்வாறு பேணும் என்பதற்கு எங்கள் பகுதியிலிருந்து நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. புதுச்சேரிக்குப் போனால் போதும். 1954 நவம்பர் முதல் நாளன்று பிரான்ஸ் புதுச்சேரியின் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. நீண்ட காலம் ஆண்ட நாடு ஒன்று வெளியேறும்போது கசப்பு எஞ்சுவது இயல்பு. ஆனால் 1955 மார்ச்சில் அதே நகரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. ஜான் ஃபிலியோசா என்னும் அறிஞர் அதனை நிறுவினார். சைவ ஆகமங்களின் ஓலைச்சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார்கள். இந்தியாவின் தாவர வளத்தைக் காட்டும் நிலப்படங்களை வரைந்தார்கள். அவ்வாறு சேர்ந்த சைவச் சுவடித் தொகுதியை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆட்சி போன இடத்தில் ஆய்வு வந்து அமர்ந்தது. பண்டிதர்களும் பிரெஞ்சு அறிஞர்களும் ஒரே சுவடியின்மேல் குனிந்து படித்தார்கள். ஆண்டவர், ஆளப்பட்டவர் என்னும் உறவு, உடன் கற்பவர் என்னும் உறவாக மாறியது.

அவ்வாறாயின் நாம் ஒரு துறையை அமைக்க விரும்பினால் எவற்றைக் கருத வேண்டும்? எனக்குத் தோன்றுவனவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது மொழி. அயல்நாட்டை ஆங்கில நூல்களின் வழியே மட்டும் படித்தால், அந்நாட்டைப் பற்றி ஆங்கிலேயரும் அமெரிக்கரும் என்ன நினைக்கிறார்கள் என்பதையே நாம் அறிவோம். சாளரம் நம்முடையதாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நூல்களும் முழுமையாகப் போதா. சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து அழகிய தமிழ் நூல்கள் வந்தன. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் டால்ஸ்டாயையும் கார்க்கியையும் படித்தார்கள். அது பெரும் பேறு. எனினும் எந்த நூல் வரவேண்டும், எது வரக்கூடாது என்று முடிவு செய்தவர்கள் அனுப்பியவர்களே. நாமே சென்று நூலகத்தில் தேடி எடுக்கும்போதுதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

இரண்டாவது சுதந்திரம். அரசாங்கம் பணம் தரலாம்; விடையை முன்கூட்டியே எழுதித் தரக் கூடாது. தமிழ்-ரஷ்ய அகராதியைத் தொகுத்த இருவருள் ஒருவரான பியாதிகோர்ஸ்கி 1974-இல் தம் நாட்டை விட்டு வெளியேறி லண்டனில் ஆசிரியரானார். பிராக் நகரில் தமிழாய்வு செய்த கமில் சுவெலபில், 1968-இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவில் நுழைந்த பின் தாயகத்தை விட்டுச் சென்றார். பிராகில் அவர் வளர்த்த தமிழ்க் கல்விக்கு அது பேரிழப்பாயிற்று. அறிஞனின் வாயை அடைக்கும் நாடு, பிற நாட்டைப் பார்க்கும் தன் கண்ணையும் மூடிக்கொள்கிறது.

மூன்றாவது இருவழிப் போக்குவரத்து. நம் மாணவர் அங்கே சென்று ஓராண்டேனும் தங்க வேண்டும்; அந்நாட்டு மாணவர் இங்கே வந்து தங்க வேண்டும். விடுதியில் ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தேர்வுக்குப் படித்தவர்கள் பிற்காலத்தில் இரு நாட்டு அலுவலகங்களில் அமர்ந்தால், அவர்கள் எழுதும் கடிதத்தின் நடையே மாறும்.

நான்காவது பொறுமை. மொழியைப் பிழையின்றிப் படிக்க மூன்று ஆண்டு, மூல ஆவணங்களைக் கையாள இன்னும் மூன்று ஆண்டு, பிறருக்குக் கற்பிக்கும் தகுதி பெற மேலும் சில ஆண்டு என்று கணக்கிட்டால், ஓர் ஆசிரியர் உருவாகப் பத்து ஆண்டு ஆகும். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, இனி ரஷ்யம் எதற்கு என்று கேட்டவர்கள் பலர். ஆனால் தமிழ்நாட்டு மாணவர் மருத்துவம் பயில அந்த நாடுகளுக்குச் சென்றுகொண்டுதான் இருக்கிறார்கள். 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கிருந்து ஆயிரக்கணக்கான இந்திய மாணவரை மீட்டு வர வேண்டியதாயிற்று. அந்நாடுகளின் வரலாறும் பூசலும் நம் வீட்டுக் கதவையே வந்து தட்டின. சந்தை நிலவரம் பார்த்துத் துறையைத் திறப்பதும் மூடுவதும் பத்து ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டி விறகாக்குவது போன்றது.

ஐந்தாவது, எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது. தில்லிக்குச் சீனாவும் ரஷ்யாவும் முதன்மையாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு மிக அண்மையில் உள்ள அயல்நாடு எது? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இலங்கைத் தமிழரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதும் கடமையே. ஆனால் அவர்களோடு ஒரே தீவில் வாழும் சிங்கள மக்களின் மொழியைப் படிக்கத் தெரிந்த தமிழ்நாட்டு மாணவர் எத்தனை பேர்? மூத்த சகோதரியைச் சிங்களவரும் அக்கா என்றே அழைக்கிறார்கள். தாயை அம்மா என்கிறார்கள். இந்தச் சிறு செய்திகூட நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கும். 1974, 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கடல் எல்லையை வகுத்தன. அந்த எல்லையைப் பற்றிய வழக்கில் இன்றும் நம் மீனவர் படகிழந்து, சிறைப்பட்டு நிற்கிறார்கள். அக்கரையில் வலை அறுபடும் தமிழ் மீனவரும் தம் துயரைச் சொல்கிறார்கள். கொழும்பில் இதைப் பற்றி முடிவெடுப்பவர்கள் காலையில் படிக்கும் செய்தித்தாள் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் நாம் எவ்வாறு வாதிடுவது? எவ்வாறு இணங்குவது?

இலங்கையில் பிறந்த தமிழறிஞர் ஒருவர் இவ்வகைக் கல்விக்கு வழிகாட்டியாக விளங்கினார். அவர் தனிநாயகம் அடிகள். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1961 முதல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1964-இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றப் பாடுபட்டார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். சீனரும் மலாயரும் தமிழரும் சேர்ந்து வாழும் ஒரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் இந்தியாவைப் பற்றிய படிப்பு இருந்ததால், அந்நாட்டுத் தமிழர் தம் அண்டை வீட்டாருக்குப் புதிராக இராமல் அறிமுகமானவராக ஆனார்கள். அதற்கு ஈடாக, தமிழ்நாட்டில் மலாய் மொழியும் மலேசிய வரலாறும் கற்பிக்கும் துறைகள் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுக்கென ஒரு மையம் உண்டு. அத்தகைய மையங்கள் வலுப்பெற வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள கல்லூரிகளிலிருந்து மாணவர் அவற்றை நாடிச் செல்ல வேண்டும். சோழர் காலத்துக் கடல் வாணிகத்தைப் பேசிப் பெருமைப்படும் நாம், அன்று நம் வணிகர் இறங்கிய துறைமுகங்களில் இன்று எந்த மொழி பேசுகிறார்கள் என்பதையும் கற்றால் அந்தப் பெருமைக்குப் பொருள் இருக்கும்.

மாணவர்களே, இதையெல்லாம் அரசும் பல்கலைக்கழகமும் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. துறை என்பது கட்டடம் எழுப்புவதால் மட்டும் பிறப்பதில்லை. படிக்க விரும்பும் சிலர் வந்து வாயிலில் நிற்கும்போது அது பிறக்கிறது. நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு நாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் எழுத்தைக் கற்கத் தொடங்குங்கள். அதன் நிலப்படத்தை வரைந்து பழகுங்கள். ஆறு எங்கே ஓடுகிறது, நெல் எங்கே விளைகிறது என்று குறியுங்கள். அந்நாட்டு மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரலாறு எது, அது நம் பாடப் புத்தகத்தில் உள்ள வரலாற்றினின்று எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். வேறுபடும் இடத்தில் உடனே சினம் கொள்ளாமல், ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே அயல்நாட்டு ஆய்வின் முதல் பாடம்.

தன்னை ஒருவன் தன் தாய்மொழியில் நலம் விசாரித்தால், அவனிடம் கதவைச் சாத்திக்கொள்ள எவருக்கும் எளிதில் மனம் வராது. மாஸ்கோவிலும் பிராகிலும் சிகாகோவிலும் சிலர் நம்மை நம் மொழியில் விசாரித்தார்கள். இன்று சீனப் பல்கலைக்கழகங்களிலும் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அவர்களுக்கெல்லாம் நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. நன்றி கூறினால் மட்டும் அது தீராது. அவர்கள் மொழியில் அவர்களை நலம் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறையைத் தமிழ்நாடு உருவாக்க வேண்டும். அந்தத் தலைமுறை நீங்களாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.